பாத்துக்கலாம் சார்!

தமிழ்நாட்டின் அரசு ஆய்வுக்கூட்டங்களில் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்கிற உறுப்பு கழுத்துதான். மூளைக்கு அங்கே அழைப்பில்லை. வாய் மிக்சருக்கு மட்டும் திறக்கும். அமைச்சரோ ஆட்சியரோ உள்ளே நுழைந்ததும் நாற்காலிகள் கிறீச்சிட, எல்லோரும் எழுந்து நின்று, அவர் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்து, அடுத்த ஒன்றரை மணி நேரம் கழுத்துகள் மேலும் கீழும் போய்வரும். பக்கவாட்டில் ஆடிய கழுத்து அடுத்த மாறுதல் பட்டியலில் ராமநாதபுரம் போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“தடுப்புக் கட்டையெல்லாம் போதுமா?”

“போதும் சார்.”

“ஆம்புலன்ஸ்?”

“ரெடியா இருக்கு சார்.”

“கூட்டம் நெனச்சதவிட ஜாஸ்தியா வந்துட்டா?”

இங்கேதான் அந்த அரை நொடி வரும். எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டருக்குப் பதில் தெரியும். போன வாரம் அந்தச் சந்தை அவர் நடந்தே அளந்திருக்கிறார். ஒரு தள்ளுவண்டி நின்றாலே அடைத்துக்கொள்ளும் சந்து அது. சொல்ல வாயெடுப்பார். முன்வரிசை டி.எஸ்.பி. லேசாகத் திரும்பிப் பார்ப்பார். வாய் மூடிக்கொள்ளும். அதற்குள் நடுவிலிருந்து ஒரு குரல் வரும்: “பாத்துக்கலாம் சார்.” அறை முழுக்க நிம்மதி பரவும். மிக்சர் தட்டு நகரும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் ஏறும்.

இது எந்த ஊர், எந்த அலுவலகம், எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எந்த ஊரைப் போட்டாலும் பொருந்தும். ஆனால் இதற்கான விலையைக் கும்பகோணம் கொடுத்த மாதிரி எத்தனை ஊர் கொடுத்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், இரண்டு தேதிகளை மட்டும் பார்த்தால் போதும்.

முதல் தேதி, 1992 பிப்ரவரி 18. மகாமகம். சிம்மத்தில் குரு வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூடும் மாசி மகம். ஏறத்தாழ ஆறு ஏக்கர் குளம், சுற்றிலும் கோவிந்த தீட்சிதர் கட்டிய பதினாறு மண்டபங்கள், அதைச் சுற்றி நாலு தெரு, அந்த நாலு தெருவுக்குள் லட்சக்கணக்கில் ஜனம். ஒரு குறிப்பிட்ட முகூர்த்தத்துக்குள் முழுக்குப் போட்டால்தான் புண்ணியம் என்று நம்பி வந்த ஜனம். இது போதாதென்று, அதே குளத்தில், அதே நாளில், மாநிலத்தின் முதலமைச்சரும் நீராடுவதாக முடிவானது. ஆட்சிக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகாத முதலமைச்சர், பல வருஷம் திரையில் பார்த்த முகம், ஜென்ம நட்சத்திரமே மகம். வந்தார், தோழி சசிகலாவோடு நீராடினார். அவருக்கென்று தனியிடம், தனிப் பாதை, தனிப் பாதுகாப்பு. ஜனத்துக்கு மிச்சமிருந்த இடம். ஒரு பக்கம் முழுக்குக்கு முண்டியடித்தார்கள், இன்னொரு பக்கம் தரிசனத்துக்கு முண்டியடித்தார்கள். கரையோரக் கட்டடம் ஒன்றின் கம்பித்தடுப்பு சரிந்தது. நெரிசலில் ஐம்பது உயிர் வரை போனது. புண்ணியம் தேடி வந்தவர்களின் செருப்புகளை அன்று சாயங்காலம் குவியல் குவியலாக அள்ளினார்கள்.

பிறகு கட்சிக்கொரு காரணம் கிளம்பியது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஆறு ஏக்கர் குளத்துக்குள் இரண்டு கூட்டத்தைத் திணிக்கக் கூடாது என்பது கணக்கு வாத்தியார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஐ.ஏ.எஸ். படித்தவருக்குத் தெரியாதா? ஐ.பி.எஸ். படித்தவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். தெரிந்தவர் ஒருவராவது “அம்மா, அன்னைக்கு மட்டும் வேண்டாம், அடுத்த நாள் வாங்க, குளம் எங்கயும் போயிடாது” என்று சொன்னாரா? தனியிடமும் தனிப் பாதையும் கடைசிவரை கலையாமல் நின்றனவே, அதுவே பதில். சொன்னவர் இருந்திருந்தால் தோற்றுப்போயிருக்கிறார். சொல்லாதவர்கள் எல்லோரும் ஜெயித்து, ஓய்வூதியம் வாங்கி, பேரப்பிள்ளைகளோடு நலமாக இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அமைச்சர்கள் வரிசையில் நின்று காலில் விழுந்த காலம். ஹெலிகாப்டர் தரையிறங்கும்போதே கும்பிட்டார்கள், மேலே கிளம்பும்போதும் அண்ணாந்து கும்பிட்டார்கள். நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறவர் மாற்றுக்கருத்து சொல்வது உடற்கூற்றியல்படியே கஷ்டம். மூக்கு தரையில் அழுந்தியிருக்கும், சொல்வது மேலே கேட்காது. ஒரு கட்சியை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. மற்றக் கட்சிகளில் விழுவதற்குப் பதில் குனிவார்கள், குனிவதற்குப் பதில் கவிதை வாசிப்பார்கள். பொதுக்குழு எந்தக் கட்சியுடையதானாலும் தீர்மானங்கள் வாசித்து முடிப்பதற்குள் கைதட்டி முடித்திருப்பார்கள்.

இந்த நோய்க்கு அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் ‘குழுச்சிந்தனை’ என்று பெயர் வைத்துப் புத்தகமே எழுதினார். இர்விங் ஜேனிஸ், வருஷம் 1972. ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் புத்திசாலிகள், ஒற்றுமை குலையக் கூடாது, தலைவர் முகம் சுளிக்கக் கூடாது என்ற கவலையில், தனித்தனியே யாரும் செய்யத் துணியாத முட்டாள்தனத்தைக் கூடிச் செய்வார்கள் என்றார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, 1961 ஏப்ரலில் கென்னடி அரசு கியூபாவின் பன்றி வளைகுடாவில் போட்ட படையெடுப்பு. சுமார் 1,400 பேரை இறக்கினார்கள். மூன்றே நாளில் கதை முடிந்து பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். ஆர்தர் ஷ்லெசிஞ்சர் என்ற ஆலோசகர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர், கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டார். பின்னால் அதற்காகத் தன்னையே நொந்துகொண்டு எழுதினார். கவனியுங்கள், நொந்துகொண்டார், அதை அச்சிலும் போட்டார். நம்மூரில் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் சுயசரிதைகளைப் படித்துப் பாருங்கள். எல்லாக் கூட்டத்திலும் அவர் ஒருவர்தான் எதிர்த்திருப்பார். இத்தனை பேர் எதிர்த்தும் இத்தனை தப்பு எப்படி நடந்தது என்பதுதான் விளங்காது.

அடுத்த வருஷமே, 1962 அக்டோபர் ஏவுகணை நெருக்கடியில், அதே கென்னடி வேறு மாதிரி நடந்துகொண்டார். சில கூட்டங்களில் தானே அறையை விட்டு விலகி இருந்தார். ஜனாதிபதி உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் ஜனாதிபதியின் புருவத்தைத்தான் பார்ப்பார்கள் என்று புரிந்துகொண்டார். உலகம் பிழைத்தது. நம் தலைவர் அறையை விட்டு வெளியே போனால் என்ன நடக்கும்? கூட்டமே எழுந்து அவர் பின்னால் கார் வரைக்கும் போய்விடும்.

இரண்டாவது தேதி, 2004 ஜூலை 16. காசிராமன் தெரு. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிக்கூடம். கீழே சமையல் கொட்டகைக்குக் கீற்றுக் கூரை, மேலே மாடி வகுப்புக்கும் கீற்றுக் கூரை, இறங்கக் குறுகலான படி. அடுப்புத் தீ பற்றியது. 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள்.

அவற்றில் ஒன்று அரசு உதவி பெறும் பள்ளி. அதாவது, சம்பளம் கொடுக்கிற அரசுக்கு அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பார்க்கும் உரிமையும் கடமையும் இருந்தது. கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர் அந்தப் படியில் ஏறித்தான் மேலே போக வேண்டும். மேலே உட்கார்ந்து வருகைப் பதிவேடு பார்க்கும்போது தலைக்கு மேல் ஓலை. அங்கீகாரத்துக்குக் கோப்பு, கட்டட உறுதிக்குச் சான்று, எல்லாவற்றிலும் கையெழுத்து. ஆசிரியைகளுக்குத் தெரியாதா? தெரியும். நிர்வாகத்தை எதிர்த்துக் கூரையைப் பற்றிப் பேசினால் மறுநாள் யாருடைய வேலை போகும் என்பதும் தெரியும். தெருவுக்கே தெரியும். ஓலைக்குக் கீழே அடுப்பு எரிகிறது என்பது கும்பகோணத்தில் ரகசியமா என்ன?

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட மௌனத்துக்கெல்லாம் குழுச்சிந்தனை, உளவியல், மனித இயல்பு என்று பெயர் சூட்டி நெற்றியில் விபூதி பூசிவிடுகிற பழக்கம் நிர்வாகவியல் வகுப்பெடுக்கிறவர்களிடம் இருக்கிறது. 1992-க்கு அந்தப் பெயர் பொருந்தலாம். 2004-க்கு அது மிகவும் மரியாதையான பெயர். கண்ணால் கண்டதை எழுதாமல் விடுகிறவர் கூட்ட மனப்பான்மைக்குப் பலியானவர் அல்ல. அவர் ஒரு கையெழுத்தை விற்றவர், அல்லது ஒரு தலைவலியைத் தவிர்த்தவர். எரிந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. மாநிலம் முழுக்கப் பள்ளிக் கூரைகளைப் பிரித்தார்கள். பிரிக்க முடிகிற கூரைதான் அது என்பது பிள்ளைகள் செத்த அடுத்த வாரம் எல்லா அதிகாரிகளுக்கும் ஒரே சமயத்தில் ஞானோதயமாகத் தெரிந்துவிட்டது. வழக்கு பத்து வருஷம் ஓடி, 2014 ஜூலை 30-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது, பதினோரு பேரை விடுவித்தது. நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-இல் உயர் நீதிமன்றம் அதையும் அனுபவித்த காலமே போதும் என்று குறைத்தது. பாலக்கரையில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை 16-லும் அங்கே மெழுகுவத்தி ஏற்ற வருகிற பெற்றோருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

சரி, தலைவர்கள் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன், எதுவும் காசு பிடிக்கிற விஷயமில்லை.

இந்திய ராணுவ நீதிமன்றத்தில் தீர்ப்புக்குக் கருத்துக் கேட்கும்போது, அங்கத்தினர்களில் பதவியில் ஆக இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கர்னல் முதலில் பேசிவிட்டால் கேப்டனுக்குச் சொந்தக் கருத்து மிஞ்சாது என்பது துப்பாக்கி பிடித்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பேனா பிடித்தவர்களுக்குப் புரியவில்லை. நம் கூட்டங்களில் தலைவர் முதலில் இருபது நிமிஷம் பேசி, முடிவையும் சொல்லிவிட்டு, கடைசியாக, “வேற யாருக்காவது ஏதாவது கருத்து இருக்கா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியின் தொனியில் ஒரு மெமோவின் வாசனை அடிக்கும்.

ஒருவரைப் புனிதராக அறிவிப்பதற்கு முன் அவருக்கு எதிராக வாதாடவே கத்தோலிக்கத் திருச்சபை ஒரு பதவி வைத்திருந்தது. 1587-இல் வந்த ஏற்பாடு. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு குறை தேடுவார். 1983-இல் அந்தப் பதவியின் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டாம் ஜான் பால் தன் காலத்தில் மொத்தம் 482 பேரைப் புனிதராக்கிவிட்டுப் போனார். நம்மூரில் அந்தத் தாமதம்கூடக் கிடையாது. ஃபிளெக்ஸ் அடித்த அன்றே புனிதர். ஃபிளெக்ஸில் இருக்கிறவருக்கு எதிராக வாதாட ஒருவரை நியமித்தால், முதல் வேலையாக ஃபிளெக்ஸ் கட்டியவர்கள் அவர் வீட்டுக் கண்ணாடியை உடைப்பார்கள்.

பழைய பாரசீகர்கள் குடித்துவிட்டு எடுத்த முடிவை மறுநாள் தெளிந்த பிறகு இன்னொரு தடவை யோசித்துப் பார்ப்பார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இதில் முதல் பாதிக்கு நம் அரசு டாஸ்மாக் வழியாகத் தாராளமாக ஏற்பாடு செய்திருக்கிறது. இரண்டாவது பாதிதான் இன்னும் திட்ட அறிக்கை நிலையிலேயே நிற்கிறது.

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம்மிடம் இல்லாததா என்று சிலர் மார்தட்டுவார்கள். இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். எதிரியே இல்லாவிட்டாலும், இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் தானாகவே கெடுவான் என்று பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டார். அவரை நாம் பேருந்தில் டிரைவர் தலைக்கு மேல் எழுதி வைத்திருக்கிறோம், டிரைவருக்கு மட்டும் தெரியாத இடத்தில். உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921 என்று இரண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி உறுப்பினராக முடியாது. அவன் உறவுக்காரனும் முடியாது. மூன்று வருஷம் இடைவெளி விடாமல் திரும்ப வரவும் முடியாது. ஒரே முகங்கள் ஒரே மேசையில் ஒட்டிக்கொண்டு ஒருவரையொருவர் ஆமோதிக்கக் கூடாது என்பதற்காகச் சோழர் காலத்துக் கிராமத்தார் இத்தனை பூட்டுப் போட்டார்கள். இன்றைக்குக் குடவோலையைப் பற்றி மேடையில் முழங்குகிறவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். மகனாக இருக்கும், இல்லாவிட்டால் மருமகன்.

எதிர்த்துப் பேச ஆளே கிடைக்கவில்லை என்று அதிகாரிகள் வருத்தப்பட வேண்டாம். டெல்டாவில் அதற்கென்றே மாதா மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது. விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். நம் மாவட்டத்தில் கழுத்து பக்கவாட்டில் ஆடுகிற ஒரே கூட்டம் அதுதான். குறுவை அறுவடை நேரத்தில் வந்து பாருங்கள். மழையில் முளைவிட்ட நெல்லை மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். மேசைமேல் கொட்டுவார். முளை பச்சையாக அரை விரல் நீளத்துக்கு நிற்கும், மேசைவிரிப்பில் ஈரம் பரவும். “தார்ப்பாய் இருக்குன்னீங்களே, எங்க இருக்கு? சாக்கு இருக்குன்னீங்களே, யாருட்ட இருக்கு?” போன வார ஆய்வுக்கூட்டக் குறிப்பேட்டில் சாக்கும் தார்ப்பாயும் ‘போதிய இருப்பு’ என்று இருக்கும். கொள்முதல் நிலையத்து வாசலில் பத்து நாளாக நெல்லோடு படுத்துக் கிடந்தவருக்கு அந்தக் குறிப்பேட்டைவிட அதிகம் தெரியும். ஐப்பசியில் தஞ்சாவூரில் மழை பெய்யும் என்பது ராஜராஜனுக்கே தெரியும். பதினேழு சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் மட்டும் நெல் நனைந்த பிறகுதான் கிளம்பும்.

அந்தப் பெரியவரை அப்போது என்ன செய்வார்கள்? “ஐயா, மனுவா எழுதிக் குடுங்க” என்பார்கள். மைக்கை அடுத்தவருக்கு நகர்த்துவார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் தோளைத் தொட்டு வாசல் வரைக்கும் கொண்டுவிடுவார்கள். நிர்வாகவியல் வகுப்பில் ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் என்று கட்டணம் கொடுத்து, எதிர்க்கருத்து சொல்பவரை மதிப்பது எப்படி என்று படித்துவிட்டு வருகிற அதே அதிகாரிகள்தான். இலவசமாக வந்த எதிர்க்கருத்தைப் படியிறக்கி விடுகிறார்கள்.

அடுத்த மகாமகம் 2028 மாசியில். ஏற்பாட்டுக் கூட்டங்கள் நடக்கும், நாற்காலிகள் போடுவார்கள். 2004, 2016 மகாமகங்கள் பெரிய நெரிசல் இல்லாமல் முடிந்தன என்பதையே காரணமாகச் சொல்லி இந்த முறை யாரும் கவலைப்படமாட்டார்கள், அதுதான் எனக்குக் கவலை. அந்த இரண்டின்போதும் 1992-இன் முதலமைச்சரே ஆட்சியில் இருந்தார். முன்பு பட்டது எல்லோர் நினைவிலும் இருந்தது. 2028-இல் அந்த மேசையைச் சுற்றி உட்காரப் போகிற அதிகாரிகளில் பலர் 1992-இல் தொட்டிலில் இருந்தவர்கள்.

இப்போது உலகத்தில் ஒரு முறை சொல்லித் தருகிறார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே, அது நாசமாகப் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் போனது என்று ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் எழுத வேண்டுமாம். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்குக் கற்பனையைக்கூடச் செலவழிக்க வேண்டாம். 1992 பிப்ரவரி 19 நாளிதழை எடுத்து மேசை நடுவில் வையுங்கள். முக்கியப் பிரமுகர் யாரும் அன்று குளத்துப் பக்கம் வரக் கூடாது என்பதை முதல் பொருளாகப் போடுங்கள். ஆட்சியர் கடைசியில் பேசட்டும். அமைச்சர் பேசவே வேண்டாம், வராமல் இருந்தால் இன்னும் நல்லது. முதல் வாய்ப்பு குளக்கரையில் துப்புரவு வேலை பார்க்கிற அம்மாவுக்கு, அடுத்து அந்தச் சந்தை நடந்து அளந்த போலீஸ்காரருக்கு. யார் எதை வேண்டாம் என்று சொன்னார், யார் அதை ஏன் தள்ளினார் என்று பெயரோடு குறிப்பேட்டில் ஏற்றுங்கள். 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்போம். எதிர்ப்பு என்ற பத்தியில் ஒருவர் பெயர்கூட இல்லையென்றால் அந்தக் கூட்டம் செல்லாது என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் வேறு ஆட்களை வைத்து நடத்துங்கள். இரண்டாவது கூட்டத்துக்கான டிகிரி காபிச் செலவை ஊர் ஏற்றுக்கொள்ளும்.